கேளுங்கள், கேட்கிறேன்: ஆபீஸில் ஒன்பது ஆல்பம்

போன இதழில் போகிற போக்கில், ‘எங்கள் பழைய ஆபீஸில் ஆளுக்கு ஓர் ஆல்பம் சொல்லி எல்லோரும் கேட்டோம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சென்னையில் பல ஆபீஸ்களில் இந்தக் கூத்து நடக்கிறது போலிருக்கிறது. அதனால் வீணைக்கு ஏசி அறை ஆகுமா, பிள்ளைக்கு முதலில் கீபோர்டா பியானோவா என்கிற கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன. கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் டீமில் ஒன்பது பேர். வாரம் ஒருவர் ஓர் ஆல்பம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்டுவிட்டு ஷீட்டில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். ஆறு வாரம் ஓடிவிட்டது. பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முதலிடம், இளையராஜாவின் ‘திருவாசகம்’ இரண்டாமிடம், எங்கள் மேனேஜர் சொன்ன ஜாஸ் கடைசி. இப்போது ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதே குறைந்துவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆல்பங்களை எப்படித்தான் ஒப்பிடுவது?
வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: முதல் வேலையாக அந்த ஷீட்டை மூடுங்கள். அழிக்க வேண்டாம், அதில் ஆறு வார உழைப்பு இருக்கிறது, மூடினால் போதும்.

நாங்களும் இதே தப்பைச் செய்தவர்கள்தான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், கிண்டி எஸ்டேட் பக்கம் ஓர் ஆபீஸில் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம், சி.டி.யும் பென் டிரைவுமாகக் கைமாற்றிக்கொண்டு. மூன்றாவது வாரம் கணக்குப் பிரிவு அக்காவின் முறை. அவர் கொடுத்தது எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதம், 1963-ல் இசைத்தட்டாக வந்ததே, அதுதான். எங்களுக்கெல்லாம் உள்ளூரச் சிரிப்பு. விடிகாலையில் கோயில் ஸ்பீக்கரிலிருந்தும் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்தும் தானாக வந்து காதில் விழுகிற ஒன்றை யாராவது ஆல்பம் என்று சிபாரிசு செய்வார்களா? டிசைன் பிரிவில் இருந்த பையன் 5 மார்க் போட்டு, பக்கத்தில் ‘மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது’ என்று குறிப்பும் எழுதிவைத்தான்.

அக்கா கோபப்படவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, “தம்பி, உனக்குத்தான் அது மெட்டு, எங்க வீட்டுக்கு அது கடிகாரம்ப்பா” என்றார். ‘கௌசல்யா’ என்று எடுக்கும்போது அவருடைய அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருப்பாராம். 29 சுலோகமும் முடிந்து, மெட்டு மாறி, ‘கமலாகுச’ என்று ஸ்தோத்திரம் ஆரம்பிக்கிற இடத்தில் பால் பொங்கி அடுப்பிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். மங்களாசாசனம் வந்த பிறகும் போர்வைக்குள் இருந்தால் முதுகில் ஒன்று விழும். “அம்மா போய் எட்டு வருஷமாச்சு. இப்பவும் அந்த ‘கமலாகுச’ வந்தா எனக்குப் பால் வாசனை அடிக்குது” என்று சொல்லிவிட்டு, பையனுக்கு ஓர் உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மறுபடி போட்டுக் கேட்டேன். மெட்டு மாறுகிற அந்த இடத்தை எத்தனையோ நூறு தடவை கேட்டிருப்பேன், கவனித்தது அன்றைக்குத்தான். மறுநாள் பார்த்தால் பையன் தன் 5-ஐ அழித்திருந்தான். அந்தக் கட்டத்தில் வேறு எண் எதுவும் போடவில்லை.

அதற்கப்புறம் எங்கள் விதி மாறியது. ஆல்பம் சொல்கிறவர் கூடவே ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும்: எத்தனையாவது பாட்டு, எத்தனையாவது நிமிடம், அங்கே என்ன நடக்கிறது. கேட்டவர்கள் பதிலுக்குத் தங்களுடைய இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்படி ஓர் இடமே அகப்படவில்லை என்றால், காது எங்கே கழன்றுகொண்டது என்று சொல்லலாம், அதுவும் இடம்தான். இதைச் செய்து பாருங்கள், சண்டை போட ஆசை வந்தாலும் வராது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் சண்டை போடலாம், மூன்றாவது நிமிடத்துக்கும் ஒன்பதாவது நிமிடத்துக்கும் நடுவில் போட முடியாது.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக ஒப்பிடலாம், உங்கள் ஷீட்டில் முதலிரண்டு இடத்தில் இருக்கிற இரண்டையுமே எடுத்துக்கொள்வோம். 1973-ல் வந்த ‘டார்க் சைட்’டில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ என்று ஒரு பாட்டு. அதில் கிளேர் டோரி என்கிற பாடகி ஒரு சொல்கூடப் பாடுவதில்லை, வெறும் குரல், அழுகைக்கும் கூவலுக்கும் நடுவில் எங்கேயோ போய்வருகிற குரல். அந்தப் பக்கம், 2005-ல் வந்த ‘திருவாசகம்’ முழுக்க முழுக்கச் சொல். ‘திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார்’ என்றே நம் ஊரில் சொல்வார்கள். மாணிக்கவாசகரின் சொல்லுக்குப் பின்னால் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கிறது, ‘பொல்லா வினையேன்’ பாட்டில் ஆங்கில வரிகளும் தமிழோடு வந்து சேர்ந்துகொள்கின்றன. சொல் இல்லாமல் உருகவைப்பது எப்படி, சொல்லைக் கொண்டு உருகவைப்பது எப்படி? இந்தக் கேள்வியை இரண்டிடமும் கேளுங்கள், ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசலாம், எண் தேவைப்படாது. இன்னொன்று, அந்தக் கிளேர் டோரிக்கு அன்றைய பதிவுக்குக் கிடைத்தது 30 பவுண்டு. வழக்குப் போட்டு, 2005-ல்தான் சமரசமாகி, இணை இசையமைப்பாளர் என்று அவர் பெயரும் சேர்ந்தது. மார்க் போடுகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போடட்டும்.

கேள்வி: நான் சொன்ன ஆல்பத்தை என் காரில் கேட்டால் பிரமாதம். ஆபீஸ் கான்ஃபரன்ஸ் அறையில் எல்லோர் முன்னாலும் போட்டபோது சப்பென்று இருந்தது, எனக்கே. அதற்கு முன்னால் ஓடிய ஆல்பம் அதே ஸ்பீக்கரில் அதிர்ந்தது. என் ரசனைதான் மட்டமா?
வாசகர், அம்பத்தூர்

பதில்: ரசனை அப்படியே பத்திரமாக இருக்கிறது, சத்தம்தான் ஏமாற்றியிருக்கிறது.

இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டால், கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருப்பதைத்தான் காது ‘நன்றாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். சத்தம் கூடுதல் என்றே தோன்றாது, தெளிவு கூடுதல், உயிர் கூடுதல் என்று தோன்றும். காரணம் காதின் அமைப்பில் இருக்கிறது. மெதுவாக வைத்தால் அடிநாதத்தையும் உச்சத்தில் இருக்கிற சன்னமான ஒலிகளையும் நம் காது குறைவாகவே வாங்கும், நடுவில் இருப்பது மட்டும் கேட்கும். சத்தம் ஏற ஏற மற்ற இரண்டும் உள்ளே வரும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்று இரண்டு பேர் இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். கம்பெனிகளுக்கும் இது தெரியும், அதனால்தான் சி.டி. காலத்தில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சத்தத்தை ஏற்றினார்கள். மெட்டாலிகாவின் 2008 ஆல்பத்தை அதன் ரசிகர்களே ‘இரைச்சலாக இருக்கிறது, திரும்ப மிக்ஸ் பண்ணுங்கள்’ என்று கேட்கிற அளவுக்குப் போனது.

நானும் இதில் அசிங்கப்பட்டிருக்கிறேன். ஒருமுறை ஒரே ஆல்பத்தின் இரண்டு பதிவுகளை, ஒன்று பழைய சி.டி., இன்னொன்று புதிதாக மெருகேற்றியது, ஆபீஸில் அடுத்தடுத்துப் போட்டு, ‘பாருங்கள், புதியதில் எவ்வளவு காற்றோட்டம்’ என்று பத்து நிமிடம் உரை நிகழ்த்தினேன். நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், புதியதன் சத்தத்தை இரண்டு கோடு குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். காற்றோட்டம் நின்றுவிட்டது.

செய்ய வேண்டியது சுலபம். ஸ்பாட்டிஃபை மாதிரியான செயலிகளில் ‘ஆடியோ நார்மலைசேஷன்’ என்று ஒரு வசதி இருக்கும், எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடும், ஒப்பிடுகிற அன்றைக்கு அதைப் போட்டுவையுங்கள். இல்லையென்றால் காதால் சமன் செய்யுங்கள். அப்புறம் ஷஃபிளை அணையுங்கள். பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிற ஆல்பத்தை ஷஃபிளில் கேட்டுவிட்டு ‘தொடர்ச்சியே இல்லை’ என்று மார்க் குறைத்தவரை எனக்கு நேரிலேயே தெரியும். பெரிய பதவியில் இருக்கிறார்.

கேள்வி: நான் டீமுக்கு 1959-ல் வந்த மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் ‘கைண்ட் ஆஃப் புளூ’ சொன்னேன். எல்லோரும் ‘லிஃப்ட்டில் வருகிற மியூசிக் மாதிரி இருக்கிறது’, ‘தூக்கம் வருகிறது சார்’ என்கிறார்கள். கர்நாடக சங்கீதம் தெரிந்த இரண்டு பேர்கூட அப்படித்தான் சொன்னார்கள். எப்படிப் புரியவைப்பது?
வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: முகவரியைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம். சரி, அதை விடுங்கள். சார், மேலே முதல் கேள்வி கேட்டவரைத் தேடிப் பிடிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தூக்கம் வந்தால் வரட்டும். தூங்கவைப்பது ஒரு இசைக்கு அவமானம் இல்லை, தாலாட்டு ராகமான நீலாம்பரியை என்ன செய்வீர்கள்? ஆனால் அந்தக் கர்நாடக சங்கீதம் தெரிந்த இரண்டு பேர் தப்பிக்கக் கூடாது. அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு முதல் பாட்டான ‘ஸோ வாட்’டை மட்டும் போடுங்கள். அதற்கு முன் சுரங்களைச் சொல்லிவிடுங்கள்: சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். உடனே ‘கரகரப்ரியா’ என்பார்கள். ஆமாம், 22-வது மேளகர்த்தா ராகம்தான். அவர்கள் ஊரில் அதற்கு டோரியன் என்று பெயர். அந்தப் பாட்டு 16 கட்டம், அதாவது 16 தாள அளவு, அந்த சுர வரிசையிலேயே நிற்கிறது, அப்புறம் சுருதியையே அரைச் சுரம் தூக்கி அதே வரிசையில் 8 கட்டம், திரும்பப் பழைய இடத்துக்கு வந்து 8 கட்டம், மொத்தம் 32. வாசிக்கிற ஒவ்வொருவரும் இந்தச் சுற்றுக்குள்தான் கற்பனை செய்ய வேண்டும். ராகம் என்று நினைத்துக் கேட்கக் கூடாது, சுரத்தை அசைக்கிற கமகம் கிடையாது, ராகத்துக்கே உரிய பிடி கிடையாது, சுரங்கள் மட்டும்தான் பொது. ஆனாலும் ‘இந்தச் சுரங்களை வைத்துக்கொண்டு இந்த ஆள் எங்கே போகிறான்’ என்று பின்தொடர்கிற காது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சாக்ஸஃபோன் வாசிக்கிற இரண்டு பேரில் கோல்ட்ரேன் ஒரு மாதிரி போவார், கேனன்பால் ஆடர்லி வேறு மாதிரி போவார். ஒரே ஆல்பத்துக்குள் ஒப்பிடுகிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு கிடைக்காது.

அடுத்தது, அவர்கள் எதில் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். ‘ஸோ வாட்’டில் மெட்டை வாசிப்பது ட்ரம்பெட் இல்லை, அடிநாதம் தருகிற பெரிய தந்தி வாத்தியமான பேஸ். பால் சேம்பர்ஸ் அடியில் ஒரு வாக்கியம் வாசிப்பார், மற்றவர்கள் மேலே இரண்டே சத்தத்தில் பதில் சொல்வார்கள். ஓ.எம்.ஆர். பேருந்தில் போன் ஸ்பீக்கரில் கேட்டால் அந்த பேஸ் இன்ஜின் சத்தத்தில் கரைந்துவிடும். பதில் மட்டும் கேட்கும், கேள்வி கேட்காது. என் பத்திக்குக்கூடச் சில சமயம் அப்படிக் கடிதம் வருவதுண்டு.

கடைசியாக ஒரு உபரித் தகவல், டீமில் இருக்கிற இன்ஜினியர்களுக்காக. முதல் பக்கத்து மூன்று பாட்டும் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை. அன்று ஓடிய டேப் கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் சரியான வேகத்தில் போட்டபோது இசைத்தட்டில் அந்த மூன்றும் சுருதி சற்றே கூடி ஒலித்தன. 1990-களின் மறுவெளியீடுகளில்தான் திருத்தினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க அதை அப்படியே ரசித்திருக்கிறது. இப்போது யார் வீட்டிலாவது பழைய இசைத்தட்டு இருந்தால், ஒப்பிட்டுக் கேட்க அதுவே ஒரு வாரத்துக்கு ஆகும்.

கேள்வி: சினிமாப் பாட்டு கேசட்டை ஆல்பம் என்று சொல்லலாமா? எங்கள் குழுவில் ‘சினிமா கூடாது’ என்று விதி வைத்திருக்கிறார்கள்.
வாசகர், வடபழனி

பதில்: வடபழனியில் உட்கார்ந்துகொண்டு சினிமா கூடாது என்கிறார்களா? நல்ல தைரியம்.

அவர்கள் வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சினிமாப் பாட்டு காட்சிக்காகப் பிறக்கிறது, ஆறு பாட்டும் ஆறு தேவைக்கு. ஆல்பத்தில் எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு என்பதை இசையமைப்பாளர் முடிவு செய்தாரா கேசட் கம்பெனி முடிவு செய்ததா என்பது பாதி நேரம் தெரியாது. இதைவிடப் பெரிய குறை, படத்தில் நம்மைக் கலங்கவைத்த பின்னணி இசை பெரும்பாலும் அதில் இருக்காது. ஆனால் இந்த ஊரில் மூன்று தலைமுறை இசை கேட்டதே இப்படித்தான். 1992-ல் ‘ரோஜா’ கேசட்டை ஏ பக்கம் பி பக்கம் என்று புரட்டிப் புரட்டிக் கேட்டவனிடம் போய் அது ஆல்பம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம் ரெக்கார்டிங் கடைகளையும் மறக்கக் கூடாது. வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பார்களே, அதுதான் நாமே போட்ட ஆல்பம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். கணக்குத் தப்பினால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். என்னிடம் இருந்த ஒரு கேசட்டில் ஒரு பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில் ‘டக்’ என்று நிற்கும். இன்றைக்கு அதே பாட்டை முழுதாகக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் என் கை பக்கத்தைத் திருப்பக் கிளம்பிவிடுகிறது.

விதியைத் தளர்த்த அவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் சினிமாக்காரரின் சினிமா இல்லாத ஆல்பத்தைக் கொடுங்கள். 1986-ல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’, வி.எஸ். நரசிம்மனின் வயலின், தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பணம். அதில் ஒரு உருப்படிக்கு ‘டோன்ட் கம்பேர்’ என்றே பெயர். ஒப்பிடுகிற குழுவில் அதைப் போட்டுவிட்டு முகங்களைப் பாருங்கள்.

கேள்வி: டீமிலேயே நான்தான் சின்னவன், சேர்ந்து நாலு மாதம். என் முறை வந்தபோது தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் ‘மகிழ்ச்சி’ சொன்னேன். ‘கானா எல்லாம் ஆல்பமாடா?’ என்று ஒரு சீனியர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். கேட்டவர்கள் இரண்டே பேர். விட்டுவிடலாமா?
வாசகர், வியாசர்பாடி

பதில்: விடாதீர்கள் தம்பி.

அந்த சீனியர் என்ன ஆல்பம் கொடுத்தார் என்று உங்கள் கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள்: ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’. எல்லோரும் ஒன்பதும் பத்தும் போட்டிருக்கிறார்கள். நியாயம்தான், எனக்கும் உயிர். 1996-ல் ஹவானாவில், மாலி நாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து பதிவு செய்யத் திட்டம், அவர்கள் வந்துசேர முடியவில்லை. சரி என்று, கிட்டத்தட்ட மறந்துபோன கியூபாவின் பழைய பாட்டுக்காரர்களையும் வாத்தியக்காரர்களையும் தேடிக் கூட்டிவந்து ஆறே நாளில் முடித்த ஆல்பம் அது. அங்கே தெருவிலும் கிளப்பிலும் வளர்ந்த பாட்டு. மொழி புரியாது, ஊர் தெரியாது, ஆனாலும் நம் ஆபீஸ் உருகுகிறது. ஹவானாக்காரர் தன் பேட்டைப் பாட்டைப் பாடினால் உலக இசை, வியாசர்பாடிக்காரர் தன் பேட்டைப் பாட்டைப் பாடினால் சிரிப்பா? இதை அவரிடம் இப்படியே கேட்க வேண்டாம், உங்களுக்கு இன்னும் நாலு மாதம்தான் ஆகியிருக்கிறது. நான் எழுதிவிட்டேன், பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டு வாருங்கள்.

சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பாடிய பாட்டு கானா. அந்தக் குரலோடு பறையும் சட்டியும் எலெக்ட்ரிக் கிதாரும் சேர்ந்து ஒரே மேடையில் ஏறியது 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில், 19 பேர் குழு. நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சி, இசைப்பொறுப்பு டென்மா. அந்தப் பெயரே அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதியற்ற தமிழர்’ என்பதிலிருந்து வந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி ஆடவைத்துக்கொண்டே பாடுகிறார்கள். அதனால்தான் சிலருக்குச் சிரிப்பு வருகிறதோ என்னவோ.

உங்கள் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. ஆல்பத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அடுத்த முறை உங்கள் இடத்தைச் சொல்லுங்கள். எந்தப் பாட்டில் எந்த வரி வரும்போது உங்கள் தெரு ஞாபகம் வருகிறது, யார் வீட்டுத் துக்கத்தில் அந்த மாதிரிக் குரலை முதலில் கேட்டீர்கள் என்று. கேட்டார்களே இரண்டு பேர், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். இரண்டு பேர் என்பது மோசமில்லை, எங்கள் ஆபீஸில் என் ஆல்பத்தை ஒருவர்தான் முழுசாகக் கேட்டார்.

கேள்வி: நல்ல ஹெட்போன் இல்லாமல் ஆல்பங்களை ஒப்பிடுவது வீண் என்கிறார் என் நண்பர். எவ்வளவு செலவு செய்யலாம்?
வாசகி, தாம்பரம்

பதில்: இரண்டு காதிலும் கேட்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதுவே பெரிய செலவு மிச்சம். ரிச்சி தெருவில் ஒருமுறை அவசரத்தில் வாங்கிய இயர்போனில் இடது பக்கம் மூன்றாம் நாளே செத்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ கேட்டுக்கொண்டிருந்தேன். 1966-ல் வந்த அது மோனோ, இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான். அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கே ஒரு காது கேட்காமல் இருந்தது. ஒரு குறையும் தெரியாமல் ரசித்தேன். அடுத்த வாரம் ‘டார்க் சைட்’ போட்டு, ‘மனி’ பாட்டில் காசு குலுங்குகிற சத்தம் இடமும் வலமுமாக ஓட வேண்டிய இடத்தில் பாதிக் காசு காணாமல் போனபோதுதான் விஷயமே புரிந்தது.

எல்லா ஆல்பத்தையும் ஒரே கருவியில் கேளுங்கள், சின்னதோ பெரியதோ. ஒன்றை வீட்டு ஸ்பீக்கரிலும் இன்னொன்றை மின்சார ரயிலிலும் கேட்டுவிட்டு ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது வீட்டையும் ரயிலையும்தான்.

கேள்வி: மூன்று மணி நேரக் கச்சேரிப் பதிவு ஒன்றைச் சொன்னேன். ‘இது ஆல்பம் இல்லை, யாருக்கு நேரம்’ என்கிறார்கள்.
வாசகர், மயிலாப்பூர்

பதில்: நேரம் இல்லாதவர்களை டிசம்பரில் சபா கேன்டீன் வாசலில் பார்க்கலாம், ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பார்கள்.

ஆனாலும் அவர்கள் பக்கமும் பேசுகிறேன். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் தாங்கும், அந்த அளவில் வெட்டித் தைத்ததுதான் ஆல்பம் என்கிற வடிவம். கச்சேரிக்கு அந்த அளவு கிடையாது. அதனால் முழுசையும் திணிக்காமல், ஒரே கிருதியை இரண்டு பேர் பாடியதை எடுத்துக் கொடுங்கள். அல்லது ஒரே ஆள் வயது ஏறி வேறு மாதிரி செய்ததை. க்ளென் கூல்ட் என்கிற பியானோக்காரர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ஸை 1955-ல் பதிவு செய்தபோது 38 நிமிடத்தில் முடித்தார், 1981-ல் மறுபடி வாசித்தபோது 51 நிமிடம் ஆனது. இரண்டாவதில் சில பகுதிகளைத் திருப்பி வாசிக்கிறார் என்பது ஒரு காரணம். ஆனால் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள், இளவயதில் படியில் இறங்கி ஓடிய மனிதர் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்குவது காதிலேயே தெரியும்.

கேள்வி: மேலதிகாரி சொன்ன ஆல்பம் பிடிக்கவில்லை. பொய் சொல்லலாமா?
பெயர் வேண்டாம், கிண்டி

பதில்: ‘சூப்பர் சார்’ மட்டும் வேண்டாம், கேட்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும். ‘நாலாவது பாட்டில் அந்தப் பியானோ தனியாக வருகிற இடம் வரைக்கும் போனேன் சார், அதற்கு மேல் போகவில்லை’ என்று சொல்லுங்கள். இன்க்ரிமென்ட்டுக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: வருகிற திங்கள்கிழமை என் முறை. எனக்கு இசையே அவ்வளவாகத் தெரியாது. நீங்களே ஒன்று சொல்லுங்களேன், சின்னதாக.
வாசகி, பெருங்குடி

பதில்: உங்களுக்குத் தெரிந்த ஓர் இடம் இருக்கிற ஆல்பம் எதுவானாலும் சரி என்றுதான் இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். நிக் ட்ரேக், ‘பிங்க் மூன்’, 1972. ஒரு குரல், ஒரு கிதார், முதல் பாட்டில் மட்டும் எங்கிருந்தோ வந்து போகிற கொஞ்சம் பியானோ. இரண்டே ராத்திரியில் பதிவானது, மொத்தம் 28 நிமிடம். சாப்பாட்டு இடைவேளைக்குள் முடிந்துவிடும், டிபன் பாக்ஸைக் கழுவி வைக்கவும் நேரம் இருக்கும்.